பொய் என்று எழுதிய மலை

வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் எலுமிச்சை ஊறுகாய் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பேச்சுவாக்கில் “முப்பத்தைந்து வருஷம் மேப் வரைந்த கை, காய் வெட்டும்போதும் நடுங்காது” என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மேப் கடிதங்கள். மருமகள் சண்டைகளும் கறிவேப்பிலைச் செடிகளும் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்கட்டும்.

புதிய வாசகர்களுக்காக: 1972இல் இருபது வயதில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் ‘பெலுக்கிஸ் பெலான்’ ஆகச் சேர்ந்தேன். படம் வரைபவர் என்று அர்த்தம். வீட்டில் எல்லோரும் ஏதோ ஓவியம் வரையும் வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு. இப்போது செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன்.

*

கேள்வி (ஈப்போ வாசகர்): வணக்கம் அம்மா. அப்பா தவறிய பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில், தமிழ் நேசன் தாளில் சுற்றி ஒரு பழைய மேப் இருந்தது. ‘ஒரு அங்குலம் ஒரு மைல்’ என்று போட்டிருக்கிறது. பேராக், கிளந்தான் எல்லையில் இருக்கும் மலைக்காடு. அப்பா கல்யாணத்துக்கு முன்னால் சர்வே கூட்டத்தோடு செயின்மேனாகக் காட்டுக்குப் போனவர் என்று மட்டும் தெரியும். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. மேப்பில் பென்சிலால் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். நாலே நாலு வார்த்தைதான், அங்கங்கே: தண்ணி, அட்டை, முனி, பொய். ‘பொய்’ மட்டும் ஒரே ஓர் இடத்தில், ஒரு குன்றின் தலைமேல். பக்கத்திலேயே வெள்ளையாக ஒரு திட்டு. பூச்சி அரித்ததா, அச்சு விழவில்லையா? படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அப்பா என்னதான் எழுதியிருக்கிறார்?

பதில்: தம்பி, உங்கள் படத்தைப் பேரனின் கணினியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இரண்டு சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். சீரியல்கூடப் பார்க்கவில்லை.

முதலில் அந்த வெள்ளைத் திட்டு. பூச்சியும் இல்லை, அச்சுப் பிழையும் இல்லை. அந்த இடம் யாருக்கும் தெரியவில்லை, அதனால் ஒன்றும் வரையவில்லை. உங்கள் தாள் அவசரகாலத்தில் அச்சானது. 1948 முதல் 1960 வரை நடந்த அந்தக் காட்டுப் போரில் ராணுவத்துக்கு மலைத்தொடரின் மேப் அவசரமாகத் தேவைப்பட்டது. நடந்து அளக்க நேரமில்லை. சிங்கப்பூர் செலேத்தார் தளத்திலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 81ஆம் ஸ்குவாட்ரன் பறந்து பறந்து காட்டைப் படம் எடுத்தது. அந்தப் படையில் ஸ்பிட்ஃபயர் என்ற பெயர்பெற்ற போர் விமானம் தன் கடைசிப் போர்ப்பணிக்காகப் பறந்ததும் இந்த வேலையில்தான்: 1954 ஏப்ரல் 1, ஜோகூர் காட்டைப் படம் பிடிக்க. ஆனால் நம் மலை எப்படி என்று கேமரன் மலைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். காலை பத்து மணிக்கெல்லாம் மேகம் வந்து உட்கார்ந்துவிடும். படத்தில் மேகம் விழுந்த இடம் மேப்பில் வெள்ளை.

அடுத்து, அந்தப் பழுப்புக் கோடுகள். இவை சம உயரக் கோடுகள். நாங்கள் காண்டூர் என்போம், மலாயில் ‘கொந்தோர்’. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு ஓடும் கோடு. உங்கள் தாளின் ஓரத்தில் 50 அடிக்கு ஒரு கோடு என்று இருக்கிறது. ஒரு மைலை ஓர் அங்குலத்தில் அடக்கும் தாளில் 45 பாகை சரிவு வந்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் நான்கு கோடு வரும். கட்டைவிரல் நகத்தின் அகலத்தில் ஐம்பது, அறுபது கோடு. அதனால்தான் உங்கள் படத்தின் இடது பக்கம் முழுதும் காப்பி கொட்டினமாதிரி இருக்கிறது. அந்தக் கோடுகள் ஓர் ஆற்றைக் கடக்கும்போது வி போல வளையும். வளைவின் மூக்கு எப்போதும் ஆற்றின் மேல்பக்கம் பார்க்கும். அப்படிப் பார்க்கவில்லை என்றால் ஆறு மலையேறுகிறது என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த பெண்கள் எல்லோரும் ஒரு தடவையாவது ஆற்றை மலையேற்றுவோம். நானும் ஏற்றியிருக்கிறேன்.

இப்போது ‘பொய்’க்கு வருவோம். பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குன்றைச் சுற்றி எட்டு வளையம் இருக்கிறது, அதாவது நானூறு அடி உயரம். மற்ற இடங்களில் கோடு முழுக்கோடு. இந்தக் குன்றில் மட்டும் துண்டு துண்டாக இருக்கிறது, பார்த்தீர்களா? விட்டுவிட்டு வரைந்த கோடு என்றால் உத்தேசம் என்று பொருள். “இங்கே ஏதோ மேடு இருக்கிற மாதிரி தெரிகிறது, அளக்கவில்லை” என்று படம் வரைந்தவர் சொல்லும் பாஷை அது. வெள்ளைத் திட்டின் ஓரத்தில், மேகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரிந்ததை வைத்து, யாரோ ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து ஒரு குன்றைச் செய்துவிட்டார்.

அப்புறம் உங்கள் அப்பா அங்கே போயிருக்கிறார்.

செயின்மேன் வேலை என்னவென்று பலருக்குத் தெரியாது. 66 அடிச் சங்கிலி, நூறு கண்ணி, எண்பது சங்கிலி ஒரு மைல். பிறகு எஃகு நாடா வந்தது, ஆனால் பெயர் செயின்மேன்தான். முன்னால் இரண்டு பேர் பாராங் கத்தியால் ‘ரெந்தீஸ்’, அதாவது காட்டு வழி, வெட்டுவார்கள், நேர்க்கோட்டில். பாறை வந்தாலும் பள்ளம் வந்தாலும் கோடு திரும்பாது. பின்னால் செயின்மேன். சர்வேயர் துரை கருவிக்குப் பக்கத்தில் நிற்பார், சங்கிலியின் நுனியோடு ஆற்றில் இறங்குபவர் செயின்மேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிளார்க்காகவும் வரைபவர்களாகவும் மேசையில் இருந்தார்கள். சங்கிலி பிடித்ததும் மூட்டை சுமந்ததும் தமிழர்கள், மலாய்க்காரர்கள், அந்த மலையிலேயே வாழ்ந்த தெமியார், செமாய் மக்கள். மேப்பின் அடியில் அச்சான பெயர்களில் இவர்களைத் தேடாதீர்கள்.

அந்த எட்டு வளையக் குன்று இருக்கவேண்டிய இடத்தில் அப்பா நின்றிருக்கிறார். அங்கே குன்று இல்லை. பென்சிலை எடுத்து ‘பொய்’ என்று எழுதியிருக்கிறார். கோபத்தில் எழுதியமாதிரி இல்லை. எழுத்து நிதானமாக இருக்கிறது, ‘ய்’ மேல் புள்ளிகூட வைத்திருக்கிறார்.

மற்ற மூன்று வார்த்தையும் சுலபம். ‘தண்ணி’ என்றால் முகாம் போடலாம் என்று பொருள். ‘அட்டை’ எழுதிய இடங்கள் எல்லாம் ஆற்றோரம், அதற்கு விளக்கம் தேவையில்லை. ‘முனி’ என்றதும் நீங்கள் பயந்தமாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு மலைக்கணவாயில், இரண்டு ரெந்தீஸ் சேரும் இடத்தில் இருக்கிறது. ஒரு கல்லை நட்டு, சூடம் காட்டிவிட்டு அந்தப் பக்கம் இறங்கியிருப்பார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வேறு எப்படிச் செய்வார்கள்?

வெள்ளைத் திட்டைப் பற்றி இன்னொன்று. இதே மலைத்தொடரில் 1885இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க சர்வேயர், மலைகளுக்கு நடுவே மெதுவான சரிவோடு ஒரு பெரிய மேட்டுநிலத்தைப் பார்த்ததாக எழுதினார். ஆனால் அது எங்கே என்று மேப்பில் சரியாகக் குறிக்கவில்லை. அவர் பார்த்த இடத்தைத் தேடி உறுதிப்படுத்த நாற்பது வருஷம் ஆயிற்று. 1925இல் மலாயா அரசாங்கத்தின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் போய்ப் பார்த்த பிறகுதான் அரசாங்கம் அதைக் கையில் எடுத்தது. தாப்பாவிலிருந்து சாலை 1931இல் மேலே போய்ச் சேர்ந்தது. நாம் இன்று ஸ்ட்ராபெரி வாங்கப் போகும் கேமரன் மலை அதுதான். பேர் வைத்தது பார்த்தவருக்கு. குறிக்க மறந்ததும் அவர்தான்!

உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

*

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் வாசகி): என்னிடம் ஒரு பழைய மலை மேப் இருக்கிறது. மடிப்பில் கிழிகிறது. லேமினேட் செய்து கூடத்தில் மாட்டலாமா?

பதில்: கூடாது. சூடுபட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கை அப்புறம் பிரிக்கவே முடியாது, தாளும் அதோடு போய்விடும். செலோடேப்பும் வேண்டாம். பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். பிரித்துச் சமமாக வைத்து, அமிலம் இல்லாத தாள் இரண்டுக்கு நடுவில், மெத்தைக்கு அடியில் வேண்டுமானாலும் வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு ஸ்டார்ச் போட்ட தாள் என்றால் பிரியாணி. அதனால் சமையலறைப் பக்கம் வேண்டாம். கிழிசலுக்கு ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமைக் கஞ்சிப் பசையும் நல்லது, தண்ணீர் பட்டால் கழன்று வரும். சுவரில் ஆசை என்றால் நல்ல ஸ்கேன் எடுத்து அதை அச்சிட்டு மாட்டுங்கள். வெயில் அதைத் தின்னட்டும்.

*

கேள்வி (கிள்ளான், ஐந்தாம் படிவ மாணவி): ஆன்ட்டி, தாத்தாவின் பழைய புத்தகத்தில் குனோங் தாஹான் 7,186 அடி. இப்போது 2,187 மீட்டர் என்கிறார்கள். கணக்குப் போட்டால் 7,175 அடிதான் வருகிறது. மலை பதினோரு அடி தேய்ந்துவிட்டதா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்ததற்கே உனக்கு முதல் மார்க். மலை தேயவில்லை, அளவு தேறியிருக்கிறது.

உயரம் என்றால் எதிலிருந்து? கடல் மட்டத்திலிருந்து. கடல் ஒரு நிமிடம் சும்மா இருக்காது, அதனால் ஏற்றவற்றத்தைப் பல மாதம் குறித்து சராசரி எடுக்கவேண்டும். மலாயாவுக்கு அந்தச் சராசரி எடுத்தது உன் ஊர்ப் பக்கத்தில்தான். போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய போர்ட் கிள்ளான், 1911 செப்டம்பரிலிருந்து 1912 மே வரை. ஒரு வருஷம்கூட முழுதாக இல்லை. அந்தப் பூஜ்யத்தை வைத்துக்கொண்டுதான் எத்தனையோ வருஷம் நாட்டின் எல்லா மலைக்கும் உயரம் போட்டார்கள். பிற்பாடு அதே துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பத்து வருஷம் குறித்துப் புதிய சராசரி எடுத்தார்கள்.

சாலையோரம் என்றால் லெவல் கருவியை வைத்துப் படிப்படியாக உயரத்தை ஏற்றிக்கொண்டு போகலாம். தாஹான் மாதிரி ஒரு மலைக்கு, தூரத்துச் சிகரத்திலிருந்து தியோடலைட்டில் கோணம் பார்த்துக் கணக்குப் போடவேண்டும், அல்லது காற்றழுத்தமானியைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். காற்று ஒளியை வளைக்கும், மழைக்கு முன்னால் அழுத்தம் இறங்கும். பத்து, பதினைந்து அடி வித்தியாசம் ஒன்றுமே இல்லை. உலகத்தின் உயரமான சிகரத்துக்கே 1856இல் 29,002 அடி என்றார்கள். 2020இல் 8,848.86 மீட்டர். அடியாக மாற்றும் வேலை உனக்கு.

அப்புறம், தாஹான் உச்சியை முதலில் தொட்டவர்கள் யார் என்று உன் பள்ளியில் கேட்டுப்பார். 1905இல் அருங்காட்சியக அதிகாரி ராபின்சன் அனுப்பிய குழுவைச் சேர்ந்த நான்கு மலாய்க்காரர்கள்: சே நிக், மாட் ஹசான், புலாங், வாஹிட்.

*

கேள்வி (பினாங்கு, ஆயர் ஈத்தாம் வாசகர்): பழைய மலாயா மேப்பின் ஓரத்தில் ‘எவரெஸ்ட்’ என்று அச்சாகியிருக்கிறது. எங்களிடம் இருப்பது 833 மீட்டர் பினாங்கு மலை. எவரெஸ்ட் இங்கே எப்படி வந்தது?

பதில்: சிகரம் வரவில்லை, அந்தப் பெயருள்ள ஆளின் எண் வந்தது. பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. எவ்வளவு தட்டை என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டால்தான் மேப் போடமுடியும். ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் இந்தியாவை அளந்து கண்ட எண்ணைத்தான் மலாயாவும் கொஞ்சம் திருத்தி எடுத்துக்கொண்டது.

இதில் நமக்குச் சொந்தமான விஷயம் ஒன்று உண்டு. அந்த அளவு தொடங்கிய இடம் சென்னை, பரங்கிமலை. 1802இல் வில்லியம் லாம்டன் அங்கே சங்கிலி போட்டு ஏழரை மைலுக்கு ஓர் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுக்கெல்லாம் அடிப்படையான கோடு, அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே போனார்கள். தஞ்சாவூர் வட்டாரம் தட்டையான வயல், உயரமான இடமே இல்லை. என்ன செய்வது? 1808இல் அரை டன் தியோடலைட்டைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு விட்டது, கருவி கல்லில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார். ராஜராஜன் எதற்கோ கட்டினான், இவர்கள் எதற்கோ ஏறினார்கள்.

ஆக, பினாங்கு மலையோ, பேராக்–கிளந்தான் எல்லையில் உள்ள யோங் பெலார் மலையோ, உங்கள் பழைய மேப்பில் அவை உட்கார்ந்திருக்கும் பூமியின் வளைவு பரங்கிமலையில் அளக்கத் தொடங்கியது. நான் இதை வேலையில் சேர்ந்து பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று மத்தியானம் கேண்டீனில் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

*

கேள்வி (பெட்டாலிங் ஜெயா வாசகர்): சனிக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் ஒரு மலை மேப் வாங்கினேன். அசலா, நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விற்றால் என்ன கிடைக்கும்?

பதில்: விலை என்னிடம் கேட்காதீர்கள். அசலா என்று பார்க்க ஒரு நகைக்கடை லென்ஸ் போதும். பழைய மேப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு, ஒரு மை: ஆற்றுக்கு நீலம், காண்டூருக்குப் பழுப்பு, காட்டுக்குப் பச்சை, எழுத்துக்குக் கறுப்பு. லென்ஸில் பார்த்தால் பழுப்புக் கோடு முழுப் பழுப்பாக, அறுபடாமல் இருக்கும். நகலில் அதே கோடு சிவப்பு, மஞ்சள், நீலப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். மரகத மோதிரத்தை லென்ஸில் பார்ப்பவர்கள் மேப்பையும் பார்க்கலாம்.

*

கேள்வி (ரவாங் வாசகர்): நாங்கள் ஆறு நண்பர்கள். யோங் பெலார் ஏறப்போகிறோம். ஒருவரின் மாமாவிடம் பழைய ஓரங்குல மேப் இருக்கிறது. போனில் ஜிபிஎஸ் இருக்கிறது. இரண்டும் போதுமா?

பதில்: போதாது. இரண்டையும் சேர்த்து வைத்தால் இன்னும் ஆபத்து.

பழைய மேப்பின் கட்டம் பகாங்கில் உள்ள கெர்தாவ் என்ற இடத்தை ஆதாரமாக, அதாவது அளவு தொடங்கும் புள்ளியாக, வைத்தது, மேலே சொன்ன எவரெஸ்ட் எண்ணோடு. உங்கள் போன் வேறு ஆதாரத்தில் பேசும். போன் காட்டும் எண்ணை மாற்றாமல் அந்த மேப்பில் குறித்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். சமவெளியில் அது பக்கத்துத் தெரு. மலைமுகட்டில் அது பள்ளத்தாக்கு. கருவியில் கெர்தாவ் என்று மாற்றிக்கொள்ள வழி உண்டு, பழகியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய தாளில் முகடும் பெரிய ஆறும் இன்றும் நம்பலாம். பாதையை நம்பாதீர்கள். அவசரகாலத்தில் பூர்வகுடி ஊர்கள் பலவற்றை இடம் மாற்றினார்கள். மரம் வெட்டும் சாலைகள் வந்தன, மூடின. கெரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை திறந்தது 1982இல். தெரெங்கானுவில் கென்யிர் அணையால் ஒரு பள்ளத்தாக்கே ஏரியாயிற்று. மாமாவின் மேப்பில் அங்கே இன்னும் ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.

நேரக் கணக்குக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி உண்டு: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. ஸ்காட்லாந்து மலையில் நம் மாதிரிக் காடு இல்லை, ரோத்தான் (பிரம்பு) முள் இல்லை. நம் காட்டுக்கு இரண்டால் பெருக்குங்கள், மழை என்றால் மூன்றால். தூரத்தை ஸ்கேலில் அளக்காதீர்கள். தையல் நூலை நனைத்துப் பாதைமேல் வளைத்து வைத்து, நிமிர்த்தி அளந்து பாருங்கள். நீங்கள் நினைத்ததைவிட அதிகம் வரும். அப்போதும் ஏற்ற இறக்கம் சேரவில்லை.

மாநில வனத்துறை பெர்மிட் வாங்குங்கள், பதிவுபெற்ற மாலிம் குனோங் (மலை வழிகாட்டி) ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். புதிய 1:50,000 தாள் வேண்டும் என்றால் கோலாலம்பூரில் நில அளவைத் துறையில் விண்ணப்பிக்கலாம். ஆனால் பலவற்றில் ‘தெர்ஹாட்’ (கட்டுப்படுத்தப்பட்டது) என்று முத்திரை இருக்கும், அனுமதி கிடைத்தால்தான் தருவார்கள். அப்படிப்பட்ட தாளைப் படம் எடுத்து வாட்சாப் குழுவில் போட்டுவிடாதீர்கள். மாமாவின் மேப் மாமா வீட்டிலேயே இருக்கட்டும்.

*

மறுபடியும் ஈப்போ தம்பிக்கு.

‘பொய்’ என்ற வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காலத்தில் காண்டூரைப் பேனாவால் வரைவதில்லை. கண்ணாடி மேசை, அடியில் விளக்கு. மேலே ஆரஞ்சு நிறப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் தகடு. கூர் ஊசி வைத்த சின்ன மூன்றுகால் கருவி. ஊசி பூச்சைச் சுரண்டிக்கொண்டு போனால் அந்தக் கோட்டில் மட்டும் வெளிச்சம் கிளம்பி வரும். சாதாரணக் காண்டூர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, தடித்த காண்டூர் அதைப்போல இரண்டு மடங்கு. மூச்சை விடாமல் ஒரு வளைவு, மூச்சு விட்டு அடுத்த வளைவு. ஒரு தாளின் பழுப்புத் தகடு முடிக்க மாதக்கணக்கில் ஆகும். முழுக்கோடு சுரண்டுவது சுகம். துண்டுக்கோடு நரகம்: சுரண்டு, தூக்கு, நகர்த்து, வை, சுரண்டு.

1976, தீபாவளிக்கு முந்திய வாரம். மலைத்தாள் ஒன்றில் ஐந்து காசு அகலத்துக்கு மேகம். இரண்டு விமானப் படத்தை ஸ்டீரியோ கண்ணாடியில் சேர்த்துப் பார்த்தால் காடு மேடும் பள்ளமுமாக எழுந்து வரும், ஆனால் மேகத்துக்கு அடியில் ஒன்றும் எழாது. மேகத்துக்கு வெளியிலும் தெரிவது மரத்தின் தலைதான், தரை இல்லை. மரம் நூறடி இருக்கும், நூற்றிருபது இருக்கும் என்று கழிப்பார்கள். மேகத்தின் இரண்டு பக்கமும் கோடுகள் வந்து நின்றன. துண்டுக்கோட்டில் சேர் என்று குறிப்பு இருந்தது. எனக்கு அன்று முறுக்கு சுட வேண்டும், என் தம்பிக்குச் சட்டை தைக்க வேண்டும். நான் முழுக்கோடாகச் சேர்த்துவிட்டேன். ஆறு கோடு. அழகாக வந்தது, மலை எது மேகம் எது என்று யாராலும் சொல்ல முடியாத அளவுக்கு. சரிபார்த்தவர் கண்ணிலும் படவில்லை. தாள் அச்சாகிப் போய்விட்டது.

உங்கள் தாளில் அந்தக் குன்றைச் செய்தவர் என்னைவிட நேர்மையானவர். துண்டுக்கோடு போட்டிருக்கிறார். அதற்கே உங்கள் அப்பா ‘பொய்’ என்று எழுதியிருக்கிறார். என் ஆறு கோட்டின் மேல் நின்று யாராவது என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, பார்த்தே விடுவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பேரனை உட்காரவைத்தேன். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினோரு நாள் சுற்றி ரேடாரால் பூமியின் மேடுபள்ளத்தை அளந்தது. அந்த எண்கள் இப்போது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதுவும் தரையைவிட மரத்தலையைத்தான் அதிகம் பார்க்கும், முப்பது மீட்டருக்கு ஓர் எண்தான் கொடுக்கும். ஆனால் நானூறு அடிக் குன்று இருந்தால் தப்பாது. உங்கள் படத்தை அதன் மேல் வைத்தோம். முதலில் எதுவும் பொருந்தவில்லை. ஆறு வேறு இடத்தில், முகடு வேறு இடத்தில். பேரன் “பாட்டி, உங்கள் மேப் தப்பு” என்றான். கெர்தாவ் ஆதாரத்துக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினதும் ஆறும் முகடும் போய் உட்கார்ந்தன.

தம்பி, அங்கே குன்று இல்லை. மேற்கிலிருந்து வரும் முகடு அந்த இடத்தில் இறங்கி, ஒரு கழுத்தாகி, கிழக்கே மறுபடி ஏறுகிறது. அந்தக் கழுத்தின் வடக்குச் சரிவில் ஒரு வாய்க்கால் தொடங்குகிறது. அச்சான மேப்பில் அங்கே நீலக் கோடே இல்லை. வெள்ளைத் திட்டின் உள்ளே கால் அங்குலம் போனால் அப்பா ‘தண்ணி’ என்று எழுதியிருக்கிறாரே, அந்த இடம்.

பென்சிலை ரப்பர் போட்டு அழித்துவிடாதீர்கள், “சுத்தம் செய்கிறேன்” என்று யாரிடமும் கொடுக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் விளக்கு வைத்து மறுபடி படம் எடுங்கள். பென்சில் பதிந்த பள்ளம் தெரியும், அழிந்துபோன எழுத்துகூடக் கிளம்பி வரும். வலது கீழ்மூலையில், ‘அட்டை’க்குப் பக்கத்தில், ஐந்தாவதாக ஒரு வார்த்தை இருந்து தேய்ந்தமாதிரி எனக்குத் தெரிகிறது. ‘ப’ என்று தொடங்குகிறது. உங்கள் அம்மா பெயர் ‘ப’விலா தொடங்கும்?

கோலாலம்பூர் பக்கம் வந்தால் தாளைக் குழாயில் சுருட்டிக் கொண்டுவாருங்கள். மடிக்கவேண்டாம். லென்ஸ் என்னிடம் இருக்கிறது.